முப்பத்தெட்டு கிலோ

வண்டிக்குள் எல்லாவற்றுக்கும் இடம் கிடைத்துவிட்டது.
கட்டில் மடிகிறது. அடுப்பு இழுப்பறைக்குள் போகிறது.
ஸ்கூல் வேனாய் இருந்த காலத்து மஞ்சள்
கதவிடுக்கில் மட்டும் மிச்சம்.
ஜெனரேட்டர்தான்
லிங்கராஜபுரத்து கேட்டுக்குள்
நாலு நாளாய்ச் சாக்கு போர்த்திக்கொண்டு
உட்காரச் சொல்லாத விருந்தாளி மாதிரி நின்றது.

கூரைமேல் ஏற்றலாம் என்றார் தேவசகாயம்.
யார் ஏற்றுவது?
எனக்கு இடுப்பு. அவருக்கு மூச்சு.
கட்டிலுக்கு அடியில்?
ஒரு மதியம் வைத்துப் பார்த்தோம்.
தலையணை பெட்ரோல் பங்க்காய் மணந்தது,
மறுநாள் சாம்பாரும்.

கலாசிபாளையத்தில் நஸ்ருல்லா
வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
வண்டியை ஒருதரம் சுற்றி வந்தார்.
"உள்ளே வெச்சு ஓட்டினா
காலையில எழுப்ப ஆள் இருக்காதும்மா.
அந்த வாயு மணக்காது. இருமக்கூட விடாது.
பின்னாடி தட்டு அடிச்சுத் தர்றேன்,
கீல் வெச்சு, கதவு மாதிரித் திறக்கும்."
நம்பர் பிளேட் மறையுமே என்றேன்.
"அது தட்டுக்கு மாறிடும்.
கூடவே ஒரு சின்ன லைட்டு."
பொறி பறந்தது. டீ வந்தது.
கணக்குச் சீட்டில் பெல்ட் இரண்டு என்று எழுதி
அடித்துவிட்டு மூன்று என்றார்.

டிவிக்கா, ஏசிக்கா என்று கேட்காதவர் இல்லை.
இரவில் தேவசகாயம் ஒரு முகமூடி மாட்டுகிறார்.
அதிலிருந்து ஒரு குழாய்.
குழாயின் மறுமுனையில் சின்னப் பெட்டியொன்று
அவர் மறந்துபோகும் மூச்சை
விடியும்வரை எடுத்துக்கொடுக்கிறது.
பதினோரு வருஷமாய்
ப்ளக் பாயின்ட் இல்லாத இடத்தில்
நாங்கள் ஓர் இரவும் தங்கியதில்லை.

சாயங்காலம் இரண்டு மணி நேரம் ஓட்டி
பேட்டரியை நிரப்பிவிட்டு அணைக்க வேண்டும்,
இருபது அடி தள்ளி, காற்று போகும் பக்கம்.
கிளம்புமுன் டேங்க் காலி.
சூடு ஆறாமல் கட்டக் கூடாது.
சாய்த்துப் படுக்கவைக்கவே கூடாது,
ஆயில் போகக் கூடாத இடத்துக்கெல்லாம் போகும்.
மல்லாக்கப் படுக்க விடாதீர்கள் என்று
டாக்டர் இவரைப் பற்றியும் சொல்லியிருக்கிறார்.

கிளம்பும் நாள், விடிய நாலு மணி, மழை.
முனையில் டிரான்ஸ்பார்மர் வெடித்துத்
தெரு மொத்தமும் இருட்டு.
மூன்றாம் மாடிப் பிரஜ்வல்
மொபைல் வெளிச்சத்தோடு படியிறங்கி வந்தான்.
"ஆன்ட்டி, ஸ்வல்ப.
மீன் தொட்டி. காற்றுக்குழாய் நின்னு ஒரு மணி நேரம்.
எல்லாம் மேலே வந்து வாயைத் திறக்குது."

நான் தேவசகாயத்தைப் பார்த்தேன்.
அவர் அதற்குள் சாக்கை உருவிக்கொண்டிருந்தார்.
மூன்று பெல்ட்டையும் அவிழ்த்தோம்.
காலி டேங்கில் கேன் பெட்ரோலை ஊற்றினோம்,
கார் ஷெட்டின் ஓரத்தில் நனையாமல் வைத்து
எக்ஸ்டென்ஷன் ஒயரை மாடிக்கு எறிந்தோம்.
ஆறு மணிக்குள் அதே ஒயரில்
எட்டுப் போன், ஒரு மிக்ஸி,
ஷைலஜா வீட்டில் யாரோ சட்டை இஸ்திரி போட
மெஷின் ஒருமுறை திணறி இருமியது.
இஸ்திரி யாரென்று கடைசிவரை சொல்லவில்லை.

கரண்ட் வந்தது பதினொன்றே காலுக்கு.
சூடு ஆறவேண்டுமே,
மீன்களைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தோம்.
ஆரஞ்சு நிறத்தில் ஒன்று மட்டும் இல்லை.
பிரஜ்வல் அதைப் பற்றிப் பேசவில்லை, நாங்களும்.

பிற்பகல், யஷ்வந்த்பூர் நெரிசல்.
பின்னால் ஸ்கூட்டர்க்காரர் ஜன்னலோரம் வந்து
"மஷின் வச்சிருக்கீங்களே, என்ன வியாபாரம்?
சாட்டா, பானிபூரியா?" என்றார்.
பதில் தேடுவதற்குள் சிக்னல் விழுந்தது.

கண்ணாடியில் அது தெரிவதில்லை.
ஒவ்வொரு வேகத்தடைக்கும்
பின்னால் பெல்ட் முனகுகிறதா என்று
காதைக் கொடுத்துக்கொண்டே ஓட்டினேன்.
கோரகுண்டேபாளையம் தாண்டும்போது
பக்கத்து சீட்டில் தலை சரிந்தது.
குறட்டை,
பிறகு குறட்டை நின்ற இடம்.

முழங்கையால் இடித்தேன்.
"இறங்கிப் பாருங்க," என்றேன்,
"கட்டு தளர்ந்த மாதிரி இருக்கு."
தளரவில்லை.
அவர் பார்த்துவிட்டு வந்து
இறுக்கிவிட்டேன் என்றார்.